தொட்டில்தான் வாங்கக் கூடாது... தெரிந்துகொள்ளவுமா கூடாது?



பிள்ளை பிறக்கும் முன்னே அதற்காக எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது, பெயர்கூட யோசிக்கக் கூடாது. 'கண் பட்டுடும்' என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைகளில் பாதி தங்காத காலத்தில், காலித் தொட்டிலைப் பார்த்து ஒரு தாய் அழக் கூடாது என்றுதான் பெரியவர்கள் இப்படி வைத்திருப்பார்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இந்த வழக்கத்தின் கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிறக்கப்போகிற பிள்ளை எப்படி வளரும், எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாலும், "முதல்ல நல்லபடியா பெத்து எழுந்திரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த 'அப்புறம்' வரும்போது தையல் வலியும், தூக்கமில்லாத கண்ணும், பால் கட்டிய மாருமாகக் கிடக்கிறவளுக்குப் படிக்க ஏது நேரம்? தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இந்த பத்து மாதம்தான் என்பது என் கருத்து.

எனக்கு வயது 34. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் முதல் பிள்ளை. ஏழாம் மாதம் நடக்கிறது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். டாக்டர் படிப்பெல்லாம் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டும், நூலகத்தில் எடுத்துப் படித்தும், வீட்டுக்கு வரும் சுகாதார நர்ஸம்மாவைத் துளைத்து எடுத்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கர்ப்பமானவளுக்கு ஊரே கூடிச் சொல்லித்தருவது ஒன்று உண்டு. சாப்பாடு! குங்குமப்பூ சாப்பிடு, பப்பாளி தொடாதே, மாதுளை தின்னு, இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு. பிள்ளை பிறந்த பிறகும் பூண்டு, கருவாடு, பத்திய ரசம் என்று தாயின் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. 'பிள்ளை எப்போ முகம் பார்க்கும்? எப்போ சிரிக்கும்? சத்தம் கேட்டா திரும்பணுமா?' என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தானா வரும்டி" என்பார்கள். தானாகத்தான் வரும். வராமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதானே கேள்வி?

நான் தெரிந்துகொண்டதில் என்னை ஆச்சரியப்படுத்திய முதல் விஷயம், பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளேயே காது கேட்கிறது என்பது. ஆறாம் மாதம் வாக்கிலிருந்தே வெளிச்சத்தம் அதற்கு எட்டத் தொடங்கிவிடுகிறதாம். 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களுக்குச் சப்புவதற்கு ஒரு ரப்பர் காம்பு கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி வைத்தார்கள். பிள்ளைகள் தாயின் குரல் வருகிற விதமாகவே சப்பினவாம்! இதைப் படித்த நாளிலிருந்து சமையல் செய்துகொண்டே நானும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறேன். "தனியா பேசுறா பாரு" என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அடுத்தது பார்வை. பிறந்த குழந்தைக்குக் கண்ணே தெரியாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தெரியும். ஆனால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதாவது ஒரு ஜாண், ஒன்றரை ஜாண். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது நம் முகத்துக்கும் அதன் முகத்துக்கும் இடையே இருக்கிற தூரம் ஏறக்குறைய அதுதான். அப்படியானால் பால் கொடுக்கும் நேரத்தில் நாம் டி.வி. பார்க்கலாமா, செல்போனைத் தடவலாமா? நீங்களே சொல்லுங்கள்.

பிறந்த சில நாளில் தூக்கத்தில் சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து 'நரி விரட்டுது' என்போம். அது தானாக வருகிற சிரிப்பு. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் வருகிறதே, நம் முகத்தைப் பார்த்து நமக்காகச் சிரிக்கிற சிரிப்பு, அதுதான் கணக்கு. மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு சிரிப்புக்கும் உள்ள இந்த வித்தியாசம் எனக்கு 34 வயது வரை தெரியாது. என் அம்மாவுக்கு 58 வயதிலும் தெரிந்திருக்கவில்லை.

பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வரவில்லை. நம் தமிழில் இதற்கென்றே ஓர் இலக்கியம் இருக்கிறதே! பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆட்டுகிற பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி. உட்கார்ந்து இரண்டு கையையும் தட்டுகிற பருவம். பிறகு தளர்நடை நடந்து வருகிற வருகைப் பருவம். இன்றைக்கு டாக்டர்கள் அட்டவணை போட்டுச் சொல்வதை அன்றைக்குப் புலவர்கள் பிள்ளையைப் பார்த்துப் பாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்த நமக்கு, இது நம் மடியில் தவழப்போகிற பிள்ளையைப் பற்றியது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் வருத்தம்.

சரி, மாதக் கணக்கு தெரிந்தால் அதுவே ஒரு தலைவலி ஆகாதா என்று சிலர் கேட்கலாம். "எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்பது மாசத்துல நடந்துடுச்சு, உன் பிள்ளை இன்னும் உட்கார்ந்தே இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே இளம் தாய்மார்களை அழவைக்கிற வீடுகள் நிறைய. ஆனால் என்னைக் கேட்டால், அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அப்படி ஒப்பிடுவார்கள். முழுசாகத் தெரிந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது சுமார் 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள்! எட்டு மாதத்தில் நடந்ததும் நல்ல பிள்ளைதான், பதினேழு மாதத்தில் நடந்ததும் நல்ல பிள்ளைதான். இன்னொன்று கேளுங்கள். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டன. 'தவழாத பிள்ளைக்குத் தோஷம்' என்று பரிகாரம் செய்யப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் செலவாவது மிச்சம்.

ஆக, கணக்கு தெரிந்தால் இரண்டு லாபம். வீணாகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கவும் மாட்டோம். இந்த இரண்டாவது லாபம் எவ்வளவு பெரிது என்பதற்கு எங்கள் உறவிலேயே ஒரு குழந்தை இருக்கிறான்.

அழகான பையன். கலகலவென்று சிரிப்பான். மூன்று மாதத்தில் 'ங்கா' சொன்னான். ஒரு வயதாகியும் அம்மா, அப்பா என்று ஒரு வார்த்தை வரவில்லை. பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்" என்றாள். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான். ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான்." வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். மூன்று வயது முடிகிற சமயத்தில்தான் காது பரிசோதனை நடந்தது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை.

"அப்போ ங்கா சொன்னானே?" என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படிச் சத்தம் எழுப்பும், பிறகுதான் குறையும் என்று டாக்டர் சொன்னார். அது ஒன்று தெரிந்திருந்தால்? கேள்வியைப் பிறந்த முதல் மாதத்திலேயே பரிசோதித்து, குறை இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கிற கணக்கு. ஏனென்றால் மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம் அந்த முதல் வருடங்கள். நம் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 'காக்ளியர்' கருவி இலவசமாகவே பொருத்துகிறார்கள். அந்தப் பையனுக்கும் பொருத்தியாகிவிட்டது. இப்போது பயிற்சிக்குப் போகிறான், ஒவ்வொரு வார்த்தையாகக் கற்றுக்கொள்கிறான். ஆனால் போன மூன்று வருடத்தை எந்தத் திட்டத்தில் வாங்குவது? இதில் கொடுமை, 'வேண்டாம், பாத்துக்கலாம்' என்று தடுத்தவர்களே இன்று "பெத்தவ கவனிச்சிருக்க வேணாமா?" என்கிறார்கள். பழியைச் சுமக்கப்போவது நாம்தான் என்றால், தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கு வேண்டும் அல்லவா?

அதனால் வாசக சகோதரிகளே, கீழே சொல்வதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்காவிட்டால், ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பாவிட்டால், பத்து மாதமாகியும் உட்காராவிட்டால் அல்லது 'பாபா, மாமா' என்று மழலை வராவிட்டால், ஒன்றே கால் வயது தாண்டியும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாவிட்டால், ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால், காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்துவதும், கற்றுக்கொண்டதை எந்த வயதிலும் மறந்துபோவதும்கூட கவனிக்க வேண்டியவை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். காட்டுவதாலேயே குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார்கள். நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பக்கத்திலேயே கேரளத்தில், திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தார் 1991-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். இரண்டு வயது வரைக்கும் மொத்தம் 17 விஷயங்கள்தான். பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடதுபக்கம் இருப்பதையெல்லாம் பிள்ளை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்! அங்கன்வாடி ஊழியர்களே பார்க்கலாம் என்று செய்யப்பட்டது. அது போகட்டும், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அரசு கொடுக்கிற தாய்-சேய் பாதுகாப்பு அட்டையிலேயே பிள்ளை எப்போது என்ன செய்யும் என்று படம் போட்டிருக்கிறது. நாம் அதைத் தடுப்பூசித் தேதி பார்க்க மட்டும் எடுக்கிறோம், மற்றபடி பத்திரமாக பீரோவில் வைத்துவிடுகிறோம். 2013 முதல், பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளின் குறைகளைக் கண்டுபிடிக்க மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் ஒன்றும் நடக்கிறது. அதன்படி மாவட்டங்களில் இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. கையில் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

பழைய பழக்கங்களைப் பற்றியும் என் மாமியாரோடு பேசிப் பார்த்தேன். சண்டையில்லாமல்தான்! எண்ணெய் தேய்த்து, கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவது, தாலாட்டுவது, நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது எல்லாம் தங்கமான பழக்கங்கள். பிள்ளையைத் தொடுவதும், அதனிடம் பேசுவதும், முகம் பார்ப்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. "அத்தை, இதெல்லாம் உங்க கிட்டத்தான் கத்துக்கணும்" என்றேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, சீம்பாலைப் பீச்சிக் கொட்டுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது, இவை வேண்டாம் என்றும் சொன்னேன். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைப்பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பையே முடக்கிவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், சித்திரை வெயிலில்கூடத் தண்ணீர் வேண்டாம் என்றபோது மட்டும் அத்தை நம்பவில்லை. நர்ஸம்மா வந்து சொன்ன பிறகு, "நீ சொன்னா கேக்கமாட்டேன், அவங்க சொன்னா கேப்பேன்" என்று சிரித்தார்கள். எப்படியோ, கேட்டார்களே!

இன்னொன்று, சக்கரம் வைத்த வாக்கர். சீர் வரிசையில் பலரும் ஆசையாக வாங்கித் தருகிறார்கள். அதில் உட்கார்ந்த பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்பது தவறு. படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபடுகிற ஆபத்துதான் அதிகம். கனடா நாட்டில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் தாத்தா காலத்து மர நடைவண்டி வேறு. பிள்ளை தன் காலில் தானே நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது அது. செல்போனும் அப்படித்தான். இரண்டு வயது நிரம்பும் வரை திரை காட்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

கடைசியாக வீட்டுக்காரர்கள் சமாச்சாரம். என்னவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். இதையெல்லாம் படித்துச் சொன்னபோது, "அது பொம்பளைங்க விஷயம், எனக்கெதுக்கு?" என்றார். "ஒரு மோட்டார் கடைக்கு வந்தா தகட்டுல எழுதியிருக்கிறத படிக்காம கை வைப்பீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இப்போது தினம் இரவு பத்து நிமிடம் நான் படிக்க, அவர் கேட்கிறார். பிள்ளையின் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாகக் குறையும் என்று படித்த அன்று, "அப்போ அந்த சமயத்துல ராத்திரி ஒரு மணிக்கு மேல நான் வச்சுக்கறேன்" என்றார். இது தெரியாத வீடுகளில்தான் "பிள்ளையை அழவிடுறா, பால் பத்தல" என்று பெற்றவளைக் குறை சொல்வதும், ஆத்திரத்தில் பச்சைப்பிள்ளையைப் பிடித்து உலுக்குவதும் நடக்கிறது. உலுக்கினால் மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து. பிரசவித்தவள் இரண்டு வாரம் தாண்டியும் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், அது நடிப்பல்ல, வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்பதையும் ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் யோசனை இதுதான். வளைகாப்புக்கு இத்தனை பேர் கூடுகிறோம். ஏழு வகைச் சாதம் கட்டுகிறோம், தாம்பூலப் பையில் எவர்சில்வர் டப்பா போடுகிறோம். அந்தப் பைக்குள் ஒரு தாளும் போடலாமே, எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று! வந்தவர்களில் இன்னும் நாலு கர்ப்பிணிப் பெண்களும், நாலு மாமியார்களும் படிப்பார்கள். அங்கன்வாடி மூலமாக அரசு நடத்துகிற சமுதாய வளைகாப்பிலும் சத்துணவைப் பற்றிப் பேசுவது போலவே இதையும் ஒரு பத்து நிமிடம் பேசலாம். கணவன்மாரையும் ஒருமுறை அழைத்து உட்கார வைக்கலாம். அட்டையில் இருக்கிற படங்களைக் காட்டினாலே போதும்.

என் வளைகாப்பு அடுத்த மாதம். தாளில் எழுதி முடித்துவிட்டேன். பஜார் தெருவில் ஜெராக்ஸ் எடுக்க 60 பிரதிக்குச் சொல்லியிருக்கிறேன். அத்தையும் சம்மதித்துவிட்டார்கள், மஞ்சள் தடவித்தான் கொடுக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. தொட்டில் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.